செயின் லொக்: கிளிப் போதுமா, ரிவெட் வேண்டுமா? உப்புக்காற்றில் ஓடும் பைக்குக்கான வழிகாட்டி

ஹபரணையிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பும்போது கல்லோயாச் சந்தி தாண்டி கொஞ்ச தூரத்தில் என் பைக்கின் செயின் கழன்று ரோட்டில் விழுந்தது. நேரம் மாலை ஆறரை இருக்கும். அந்தத் துண்டில் யானை ரோட்டைக் கடக்கிற நேரம் அதுதான் என்பது அந்தப் பக்கம் போய்வருகிற எல்லோருக்கும் தெரியும். முதலில் கால் பக்கத்தில் 'டக் டக்' என்று ஒரு சத்தம், கல் ஏதோ பட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன், அப்புறம் திடீரென்று எஞ்சின் கத்துகிறது, பைக் முன்னால் போகவில்லை. போன் வெளிச்சத்தில் பின்னால் நடந்து தேடி செயினை எடுத்தேன். செயினின் இரு முனையையும் சேர்த்துப் பூட்டும் லொக்கின் வெளித்தகடும் கிளிப்பும் கிடைக்கவே இல்லை. பின்சில்லு இறுகிப் பிடிக்கவில்லை, அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த துண்டைக் கழுவிப் பார்த்ததில் காரணம் விளங்கியது. நாலு நாளைக்கு முன் ஒரு கராஜில் பின் டயர் மாற்றினேன். அப்போது செயினைக் கழற்றிவிட்டு, பழைய கிளிப்பையே, அதுவும் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். லொக்கின் இரண்டு பின்களில் (ஆணி போன்ற உருக்குத் துண்டுகளில்) ஒன்றில் கிளிப் உட்காரும் பள்ளம் ஒரு பக்கமாக அரைபட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து யார் கழற்றினாலும் லொக்கை நானே போடுகிறேன். எப்படி என்பதைத்தான் இங்கே முழுதாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் ஓடுகிற நூறு, நூற்றைம்பது சிசி பைக்குகளில் பெரும்பாலானவற்றின் செயின் இந்தச் சின்னக் கிளிப்பை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் லொக் என்றால் என்ன என்று பார்ப்போம். செயினில் உள்கண்ணி, வெளிக்கண்ணி என்று மாறி மாறி வரும். வெளிக்கண்ணியின் பின்களைத் தொழிற்சாலையில் தகட்டுக்குள் இறுக்கி அழுத்தி, முனையை அடித்து விரித்திருப்பார்கள். செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் அந்த ஒரேயொரு வெளிக்கண்ணியை மட்டும் நாம் பூட்டுகிறோம், அதுதான் லொக். அதில் இரண்டு பின் உள்ள ஒரு பாகம், வெளித்தகடு, அதை விழாமல் பிடிக்க மீன் வடிவில் ஒரு கிளிப். இதில் பலர் தவறாக நினைக்கிற ஒரு விஷயம் உண்டு. எஞ்சின் இழுக்கிற சுமையைக் கிளிப் தாங்குவதில்லை. சுமை முழுவதும் பின்னிலும் தகட்டிலும்தான். கிளிப்பின் வேலை, தகடு வெளியே நழுவாமல் காவல் நிற்பது மட்டும். அதனால் கிளிப் போன அந்த நிமிடமே செயின் அறுந்துவிடாது. தகடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், 'டக் டக்' என்று செயின் கவரில் உரசும், கடைசியில்தான் விடும். அன்று எனக்குக் கேட்ட சத்தம் அதுதான். அந்த இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் நின்று பார்த்திருந்தால் செயின் விழுந்திருக்காது.

சரி, வகைகள். நாம் அதிகம் காண்பது, தகட்டைக் கையாலேயே தள்ளிப் போட்டுக் கிளிப்பை மாட்டும் லொக். தகட்டின் துளை பின்னை விட ஒரு மயிரளவு பெரிதாக இருப்பதால்தான் கையால் போகிறது. அதுவே இதன் பலவீனமும். இறுக்கமாக இல்லாத தகட்டில் ஒவ்வொரு இழுப்புக்கும் பின் கொஞ்சம் அசையும், வளையும், நாளாக நாளாகக் களைத்துப்போகும். தொழிற்சாலை இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்கிறவர்களே இப்படித் தளர்வான லொக் போட்டால் சங்கிலியின் சுமையை ஏறக்குறைய 20 வீதம் குறைத்துக் கணக்கிடச் சொல்கிறார்கள். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நூறு சிசி பைக்கின் இழுவை 428 என்ற அளவுச் செயினின் பலத்துக்கு முன்னால் மிகச் சிறியது, அந்த 20 வீதம் போனாலும் தாராளமாக மிச்சம் இருக்கிறது. நம் தெருவில் கழன்று விழும் லொக்குகள் பலம் போதாமல் விழுவதில்லை. போட்ட விதம் பிழை, இல்லாவிட்டால் உப்பு.

இரண்டாவது வகையும் கிளிப்தான், ஆனால் தகடு கையால் போகாது, அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். பின் முன்போல ஆடாது, கிளிப் அதற்கு மேல் ஒரு கூடுதல் காவல். கிளிப் வகைக்குள் நான் நம்புவது இதைத்தான். டிஐடி என்ற நிறுவனத்தின் செயின் வாங்கினால் பெட்டியில் எழுத்தைப் பாருங்கள்: ஆர்ஜே என்றால் கையால் போகும் கிளிப், எஃப்ஜே என்றால் அழுத்திப் போடும் கிளிப், ஸெட்ஜே என்றால் ரிவெட். மூன்றாவதான இந்த ரிவெட் லொக்கில் கிளிப்பே கிடையாது. பின்னின் முனை குழிவாக இருக்கும், அதை விரித்துத் தகட்டைப் பூட்டுவார்கள். ஒழுங்காகச் செய்தால் மற்றக் கண்ணிகளுக்கும் அதற்கும் பலத்தில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். நாலாவது, லொக்கே இல்லாமல் தொழிற்சாலையிலேயே வட்டமாக மூடி வரும் செயின். அதைப் போட, பின்சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டிவரும் என்பதால் இங்கே யாரும் மினக்கெடுவதில்லை. ஈகே என்ற யப்பான் நிறுவனம் திருகாணி வகை லொக்கும் செய்கிறது, நட்டை இறுக்க இறுக்கத் தகடு உள்ளே போகும், முடிந்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை முறித்துவிடலாம். நல்ல யோசனைதான், நம் கடைகளில் கேட்டு மினக்கெட வேண்டாம்.

அப்ப எது வேண்டும்? சிடி 100, டிஸ்கவர், பல்சர் 150, எஃப்ஸெட் என்று நம் பக்கம் ஓடுகிற பைக்குகளுக்குப் புதிய நல்ல கிளிப் லொக் போதும், ரிவெட்டுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. யப்பானில் இருந்து வந்த 250 சிசி ட்ரெயில் பைக் வைத்து 520 அளவில் ஓ-ரிங் செயின் (கண்ணிகளுக்குள் கிரீஸைக் காக்கும் றப்பர் வளையம் உள்ளது) ஓட்டுகிறவர்கள் ரிவெட்டுக்குப் போங்கள், குறைந்தது அழுத்திப் போடும் கிளிப்பாவது போடுங்கள். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சுத்தியலால் அடித்துப் போட்ட அரைகுறை ரிவெட்டை விட, சரியாகப் போட்ட கிளிப் எவ்வளவோ மேல். கிளிப் சரியாக இருக்கிறதா என்று தினமும் கண்ணால் பார்க்கலாம். வெடித்த ரிவெட்டைப் பார்க்கக் குனிந்து துடைத்துத் தேட வேண்டும்.

கடைக்குப் போகும்போது செயினின் இலக்கத்தைத் தெரிந்துகொண்டு போங்கள், பக்கத் தகட்டில் அடித்திருக்கும். 428 என்பதில் முதல் 4, ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்குள்ள தூரம். எட்டில் நாலு அங்குலம், அதாவது 12.7 மிமீ. கடைசி இரண்டு இலக்கம் அகலம், 28 என்றால் உள்ளகலம் கிட்டத்தட்ட 7.9 மிமீ. சில சின்னப் பைக்குகளில் வரும் 420க்கும் பின் தூரம் அதேதான், அகலம் 6.35 மிமீதான். இதனால்தான் கடைக்காரர் மாற்றித் தந்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது. 428 லொக்கின் பின் தடிப்பும் நீளமும் கூட, 420 செயினுக்குள் அது போகாது, வீட்டுக்கு வந்து போடும்போதுதான் பிழை தெரியும். 428க்கும் 428எச்சுக்கும் இடையில் மாறிப்போகிற சிக்கல் இன்னும் நுணுக்கமாக இருக்கிறது. எச் என்றால் தகடு தடிப்பு. தடித்த செயினுக்கு மெல்லிய செயினின் லொக்கைப் போட்டால் கிளிப் உட்காரும் பள்ளம் முழுதாக வெளியே வராது, கிளிப் பாதி பள்ளத்திலும் பாதி வெளியிலும் நிற்கும். அதனால் செயின் எந்த நிறுவனமோ அதே நிறுவனத்தின் அதே இலக்க லொக். 'எல்லாம் ஒண்டுதான் தம்பி' என்று சொல்லித் தந்தால் வாங்காதீர்கள்.

இன்னொன்று, செயினே தேய்ந்திருந்தால் புது லொக் போட்டுப் பலனில்லை. இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 20 கண்ணி எண்ணி அளந்து பாருங்கள். புது 428க்கு அது 254 மிமீ. 259 மிமீக்கு வந்துவிட்டால் 2 வீதம் நீண்டுவிட்டது, செயினையும் இரண்டு பல்சில்லையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இனிப் போடும் வேலை. செயினின் இரண்டு முனையையும் பின் பல்சில்லின் பற்களில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் பல்லே பிடித்துக்கொள்ளும், கை இரண்டும் சும்மா இருக்கும். பின் இரண்டையும் சில்லுப் பக்கத்திலிருந்து வெளியே வரும்படி நுழையுங்கள். நுழைக்கும் முன் பின்களில் கிரீஸ் தடவுங்கள், உள்ளே போனபிறகு தடவ முடியாது. தகட்டை எழுத்து வெளியே தெரியும்படி ஏற்றி, இரண்டு பின்னிலும் பள்ளம் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஓ-ரிங் செயின் என்றால் நாலு ரிங்கும் அதன் அதன் இடத்தில் இருக்க வேண்டும், தகட்டை அழுத்த ஜி கிளாம்ப்பும் பின் முனைக்கு இடம் விடும் ஒரு சின்ன சொக்கெட்டும் போதும். பள்ளம் தெரிகிற அளவோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் அழுத்தினால் ரிங் நசுங்கி அந்தக் கண்ணி விறைத்துப்போகும்.

இப்போது கிளிப். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கிளிப்புக்கு ஒரு பக்கம் மூடிய வட்டத் தலை, மறுபக்கம் பிளந்த வால். மூடிய தலை செயின் ஓடும் திசையில் முன்னே போக வேண்டும், பிளந்த வால் பின்னே வர வேண்டும். மீன் தலையை முன்னால் வைத்து நீந்துகிற மாதிரி. எல்லோருக்கும் இது தெரியும், ஆனாலும் பிழைக்கிறது. ஏன்? செயினின் மேல்பாதி முன்பக்கமாக ஓடுகிறது, கீழ்பாதி பின்பக்கமாக ஓடுகிறது. பைக்கின் அருகே குந்தியிருந்து கீழ்ப்பக்கச் செயினில் லொக் போடுகிறவர், தலையை ஹெட்லைட் பக்கம் வைத்தால் சரி என்று நினைத்துப் போடுவார். சில்லு அரைச் சுற்றுச் சுற்றி லொக் மேலே வந்ததும் அது தலைகீழ். என் பைக்கில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். குழப்பமே வராமல் இருக்க ஒரு வழி, கிளிப் போடும் முன் சில்லைக் கையால் முன்னோக்கிச் சுற்றி, அந்தக் கண்ணி எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்த்துவிட்டுப் போடுவது.

கிளிப்பின் அகன்ற பகுதியை முன்போகும் பின்னின் மேல் வைத்துப் பள்ளத்தில் படுக்க வையுங்கள். அப்புறம் நுனிக் குறட்டின் ஒரு வாயைக் கிளிப்பின் மூடிய தலையிலும், மறு வாயைப் பின்னே வரும் பின்னின் முதுகிலும் கொடுத்து மெதுவாக அழுத்துங்கள். வால் விரிந்து 'டிக்' என்று மூடும். அந்தச் சத்தமும், கையில் தெரியும் அந்தச் சின்ன உதறலும் வர வேண்டும். வராமல் வழுக்கிக்கொண்டு போனால் கிளிப் விரிந்துபோன கிளிப். ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்பிப் போடாதீர்கள், ஒரு கால் முறுக்கிக்கொள்ளும். கிளிப் எந்தப் பக்கம் தள்ளிப் பூட்டியதென்று கவனித்தீர்களா? தலையிலிருந்து வாலை நோக்கி. ஓடும்போது செயின் கவரோ கல்லோ சேறோ கிளிப்பில் பட்டால், தலை முன்னால் இருந்தால் அந்த இடி இன்னும் உள்ளேதான் தள்ளும். வால் முன்னால் இருந்தால் ஒவ்வொரு இடியும் கழற்றுகிற இடி.

கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை விரிந்த ஸ்பிரிங் உருக்கு பழைய பிடியைத் தராது. ஒரு கொத்துரொட்டி விலை கூட இல்லாத சாமான் அது.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிண்ணியாவிலிருந்து காலையில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற ஒரு நானாவின் பைக்கைப் பார்த்துத்தான் எனக்கு இது உறைத்தது. பின்னால் ரெஜிபோம் பெட்டி, உள்ளே ஐஸ், ஐஸ் உருக உருக மீனின் உப்புத் தண்ணீர் பெட்டியின் மூலையால் சொட்டுச் சொட்டாகச் செயின் மேலேயே விழுகிறது. "மூண்டு மாசத்துக்கு ஒரு லொக் போகுது தம்பி, செயின் பிழையோ?" என்றார். செயினில் பிழை இல்லை. கிளிப்பைக் கழற்றிக் காட்டினேன், பழுப்பாகச் சொரசொரத்து, தலை வளைவின் உட்பக்கம் ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. குறட்டால் பிடித்து லேசாக விரித்ததும் வளையாமல் அந்தப் புள்ளியில் முறிந்தது. மெல்லிய ஸ்பிரிங் உருக்குக்கு இதுதான் முடிவு. தடித்த தகட்டில் துரு மேலோடு நிற்கும் காலத்துக்குள் கிளிப்பில் வெடிப்பாகிவிடும். நானாவுக்கு நான் சொன்னது இரண்டு விஷயம். பெட்டி மூலையில் சின்னக் குழாய் வைத்துத் தண்ணீரைச் செயினுக்கு வெளியே விடுங்கள், பின்னேரம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காய்ந்ததும் எண்ணெய் போடுங்கள்.

மீன் பெட்டி இல்லாதவர்களும் தப்பவில்லை. உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம் என்று கடலோரமாகக் குச்சவெளி வரை தினமும் போய்வருகிறவர்களின் செயினில் காற்றோடு உப்பும் மணலும் சேர்ந்து ஒட்டும். மாரியில் மழை கழுவிவிடும் என்று நினைக்க வேண்டாம், எண்ணெயையும் சேர்த்தல்லவா கழுவுகிறது. நான் கிழமைக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பிரஷ்ஷால் லொக்கைச் சுற்றித் தேய்த்து, துடைத்து, எண்ணெய் விடுகிறேன். மண்ணெண்ணெய் ஓ-ரிங்கைக் கெடுக்காது, பெற்றோலால் மட்டும் கழுவாதீர்கள். கிளிப் வகை லொக்கைக் கடலோரப் பைக்குகளில், செயின் நல்லாய் இருந்தாலும், ஒவ்வொரு மாரிக்கு முன்னும் புதிதாக மாற்றிவிடுவது என் வழக்கம். அதோடு, கிளிப் போட்டபின் அதைச் சுற்றிக் கொஞ்சம் சிலிக்கன் பசை தடவி ஒரு இரவு காயவிடலாம். காட்டு ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இதைச் செய்வதுண்டு. சேறும் கல்லும் கிளிப்பை நேரே அடிக்காது, உப்புத் தண்ணீரும் பள்ளத்துக்குள் இறங்காது.

ரிவெட் போடுகிறவர்களுக்கு. அதற்கென்று உள்ள கருவி இல்லாமல் தொடங்க வேண்டாம். பழைய கண்ணியைக் கழற்றும்போது ரிவெட் தலையை முதலில் கிரைண்டரால் தட்டையாக்கிவிட்டுப் பின்னைத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் கருவியின் ஊசி முறியும். தகட்டைப் பக்கத்துக் கண்ணிகளின் அகலத்துக்குச் சமமாக வரும் வரை அழுத்தி, அதன்பின் பின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, ஒவ்வொரு தடவையும் வேணியர் இடுக்கிமானியால் அளவுங்கள். 520, 525 செயின்களில் விரிந்த தலையின் அகலம் பெரும்பாலும் 5.5 முதல் 5.8 மிமீக்குள் கேட்பார்கள், உங்கள் செயினின் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உள்ள அளவே முடிவு. விரிந்த விளிம்பில் தலைமயிர் போல ஒரு வெடிப்பு தெரிந்தாலும் அந்த லொக்கைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போடுங்கள்.

சில வேலைகளை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கிளிப் வகைப் பின்னைச் சுத்தியலால் அடித்து ரிவெட் ஆக்குவது ஒன்று. அந்தப் பின் விரிவதற்காகச் செய்ததல்ல, முனை நொறுங்கும். இன்னொன்று, கிளிப் விழாமலிருக்கத் தகட்டைப் பின்னோடு வெல்டிங் பிடிப்பது. இதை நானே இரண்டு பைக்கில் பார்த்திருக்கிறேன். பதம் ஏற்றிய உருக்கை அப்படிச் சூடாக்கினால் ஒரு இடத்தில் மென்மையாகும், பக்கத்தில் நொறுங்கும்படி ஆகும், உள்ளிருக்கும் கிரீஸும் எரிந்துபோகும். நீளம் போதாதென்று பழைய செயின் துண்டு சேர்த்து இரண்டு லொக் போடுவதும் வேண்டாம், அரைக்கண்ணி போடுவது அதைவிட மோசம். வளைந்த தகட்டோடு வரும் அந்த அரைக்கண்ணிக்குச் சுமையை 35 வீதம் வரை குறைக்கச் சொல்கிறார்கள்.

போட்டபின் பார்த்துக்கொள்வது சுலபம். லொக்கின் மேல் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ற், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் கியூட்டெக்ஸ் வையுங்கள். சில்லைச் சுற்றினால் லொக் எங்கே என்று உடனே தெரியும். முழுக்கவர் உள்ள பைக்குகளில் கவரின் றப்பர் மூடியைக் கழற்றி அந்தத் துளையால் பார்க்கலாம். நகத்தால் கிளிப்பைத் தள்ளிப் பாருங்கள், தகட்டோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். கிளிப்பின் முகம் மினுங்கித் தேய்ந்திருந்தால் அது எங்கோ உரசுகிறது: செயின் தொய்வு கூடக் கவரில் அடிக்கிறது, அல்லது பின்சில்லு கோணலாக இறுக்கியிருக்கிறது. சின்னப் பைக்குகளில் தொய்வு பெரும்பாலும் 20 முதல் 30 மிமீ, உங்கள் பைக்கின் புத்தகத்தில் பார்த்துச் சரிசெய்யுங்கள். காரணத்தைத் திருத்தாமல் கிளிப்பை மட்டும் மாற்றினால் அதுவும் தேயும்.

சீட்டுக்கு அடியில் நான் இப்போது வைத்திருப்பது, கிரீஸ் தடவிப் பொலித்தீனில் சுற்றிய ஒரு முழு லொக், கூடுதலாக இரண்டு கிளிப், ஒரு நுனிக் குறடு, ஒரு சின்ன டோர்ச். இவ்வளவும் இருந்திருந்தால் அன்று கல்லோயாவில் இருபது நிமிட வேலை. செயின் விழுந்தால் முதலில் பைக்கை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, முன் பல்சில்லுக்குள் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிக்கிய செயினோடு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் கவர் உடையும். இருட்டில் பாதையோரத்தில் போட்ட லொக்கை மறுநாள் வெளிச்சத்தில் திறந்து, பள்ளத்துக்குள் மணல் இல்லையென்று பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். திறந்தால் கிளிப் ஒன்று வீணாகும், இரண்டு கிளிப் வைத்திருக்கச் சொன்னது அதற்குத்தான்.